ஓரமாக நின்றவருக்கே தெரியும் மண்டையோடு

லண்டன் நேஷனல் கேலரியில் 2 மீட்டருக்குச் சற்றே அதிகமான உயரமும் கிட்டத்தட்ட அதே அகலமும் கொண்ட ஓர் ஓவியம் இருக்கிறது. ஹான்ஸ் ஹோல்பைன் 1533-இல் ஓக் மரப் பலகைகள்மேல் எண்ணெய் வண்ணத்தில் தீட்டியது. 'தூதர்கள்' என்று பெயர். விலையுயர்ந்த உடையில் இரண்டு இளைஞர்கள் நிற்கிறார்கள். நடுவில் இரண்டு தட்டுள்ள மேசை நிறைய வானியல் கருவிகள், பூகோள உருண்டை, புத்தகங்கள், லூட் என்ற நரம்பிசைக் கருவி. அவர்கள் காலடியில் சாம்பல் நிறத்தில் நீளமாக ஏதோ ஒன்று சரிந்து மிதக்கிறது. நேரே நின்று எவ்வளவு நேரம் உற்றுப் பார்த்தாலும் அது என்னவென்று பிடிபடாது. படத்தின் வலது ஓரத்துக்குப் போய், சுவரை ஒட்டினாற்போல் நின்று சாய்வாகக் கீழே பார்த்தால் அது மனித மண்டையோடு. பல்வரிசை, கண்குழி, தாடை எல்லாம் அளவு பிசகாமல் இருக்கும். அந்த இடத்திலிருந்து பார்க்கும்போது இரண்டு தூதர்களும் ஒடுங்கிப்போய் அடையாளம் தெரியாமல் ஆகிவிடுகிறார்கள்.

இடப்பக்கம் நிற்பவர் ழான் டி டான்ட்வில், வயது 29. பிரெஞ்சு மன்னர் முதலாம் பிரான்சிஸின் தூதராக இங்கிலாந்து மன்னர் எட்டாம் ஹென்றியின் அரசவைக்கு வந்தவர். வலப்பக்கம் அவருடைய நண்பர் ழார்ழ் டி செல்வ், 25 வயதிலேயே லாவோர் நகரின் ஆயர். இந்த வயதுகளை ஓவியர் படத்துக்குள்ளேயே எழுதியிருக்கிறார். ஒன்று குத்துவாளின் உறையில், மற்றொன்று புத்தக விளிம்பில்.

அவர்கள் வந்து சேர்ந்த நேரம் அப்படி. ஹென்றி 1533 ஜனவரியில் ஆன் பொலினை ரகசியமாக மணந்துகொண்டார். முதல் மனைவி கேத்தரினுடனான திருமணத்தை ரத்து செய்யப் போப்பாண்டவர் ஒத்துக்கொள்ளவில்லை. மே மாதம் இங்கிலாந்தின் தலைமைப் பேராயரே அந்தத் திருமணம் செல்லாது என்று தீர்ப்பளித்தார். ஜூன் 1-ஆம் தேதி ஆன் முடிசூடினார், செப்டம்பரில் எலிசபெத் பிறந்தார். ஒரு நாடு ரோமிலிருந்து அறுந்துகொண்டிருந்ததைப் பக்கத்தில் நின்று பார்த்து, ஊருக்கு எழுதிக்கொண்டிருந்தவர் டான்ட்வில். செல்வ் தன்னை வந்து பார்த்ததைக்கூட அவர் தன் சகோதரருக்குக் கடிதத்தில் சொல்லிவிட்டு, பிரெஞ்சு அரசவையின் மூத்த அதிகாரிக்கு இது தெரிய வேண்டியதில்லை என்று சேர்த்தெழுதினார்.

படத்தில் இந்தப் பதற்றம் எங்கே என்று தேடுபவர்களுக்கு நிறையவே கிடைக்கிறது. லூட்டில் ஒரு நரம்பு அறுந்திருக்கிறது. அருகில், ரோமிலிருந்து பிரிந்த லூத்தரன் சபையின் பாடல் புத்தகம் விரித்திருக்கிறது. வணிகர்களுக்கான கணக்குப் புத்தகம் ஒன்று வகுத்தல் பக்கத்தில் திறந்திருக்கிறது. இடது மேல்மூலையில், பச்சைத் திரைக்குப் பின்னால், பாதி மறைந்த வெள்ளிச் சிலுவை. திருச்சபையின் பிளவை இவை குறிக்கின்றன என்று கலை வரலாற்றாளர்கள் பலர் வாசிக்கிறார்கள். எனக்கும் அது பொருத்தமாகவே படுகிறது. ஆனாலும் அறுந்த நரம்புக்கு வேறொரு பொருள் சொல்ல நாளை இன்னொருவர் வரலாம், அவரை மறுக்கவும் வழியில்லை. மண்டையோட்டின் கதை வேறு. அதை அளந்து பார்க்கலாம். ஓவியர் நம்மை எங்கே நிற்கச் சொல்கிறார் என்பதை வடிவியலே காட்டிவிடும். அதனால்தான் படத்தில் ஒளிந்திருப்பவற்றிலேயே எனக்கு இது மிகப் பிடித்தது.

இந்த உத்திக்கு அனமார்ஃபோசிஸ் என்று பெயர். சுவரிலுள்ள படத்தை நேரே பார்த்தால் அகலம் அப்படியே தெரியும். பக்கவாட்டில் நகர நகர அகலம் சுருங்கும், உயரம் அந்த அளவுக்குச் சுருங்காது. சுவரோடு 10 பாகைக் கோணத்தில் பார்க்கும்போது அகலம் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்காகிவிடும். ஆகவே ஓவியர் முன்கூட்டியே ஆறு மடங்கு இழுத்து வரைந்துவிட்டால், அங்கே நிற்பவரின் கண்ணில் இழுப்பும் சுருக்கமும் ஒன்றையொன்று சரிக்கட்டிவிடும்.

எல்லாப் பகுதியையும் ஒரே அளவில் இழுத்தால் போதாது. உங்கள் கண் சுவரிலிருந்து 10 செ.மீ. தள்ளி, படத்தின் வலது விளிம்புக்கு நேராக இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். விளிம்பிலிருந்து 50 செ.மீ. முதல் 100 செ.மீ. வரையுள்ள துண்டு உங்கள் கண்ணில் சுமார் 5.6 பாகை இடம் பிடிக்கும். அடுத்த 50 செ.மீ. துண்டுக்குக் கிடைப்பது 1.9 பாகைதான், மூன்றில் ஒரு பங்கு. உயரமும் தூரத்துக்கேற்பக் குறையும். விளிம்பிலிருந்து 150 செ.மீ.யில் வரையும் ஓர் உருவம், 50 செ.மீ.யில் வரையும் அதே உருவத்துக்குச் சமமாகத் தெரிய வேண்டுமென்றால் மூன்று மடங்கு உயரமாக வரைய வேண்டும். இயல்பான படத்தின்மேல் சதுரக் கட்டங்கள் போட்டு, பலகையில் அவற்றுக்கு இணையாக ஒரு முனையில் குறுகி மறுமுனையில் விரியும் கட்டங்கள் போட்டு, ஒவ்வொரு கட்டமாக மாற்றி வரைவது இதற்கு ஒரு வழி.

அரச குடும்பத்து முகத்தையே இப்படி இழுத்தவர் வில்லியம் ஸ்க்ராட்ஸ். 1546-இல் அவர் தீட்டியது ஹென்றியின் மகன்களில் அப்போது உயிரோடிருந்த ஒரே மகன் எட்வர்டை. அடுத்த ஜனவரியில் தந்தை இறக்க, அந்தச் சிறுவன் ஒன்பது வயதில் அரசனானான். லண்டன் நேஷனல் போர்ட்ரெய்ட் கேலரியில் உள்ள இந்தப் படம் சுமார் 160 செ.மீ. அகலம், உயரமோ 43 செ.மீ.கூட இல்லை. நேரே பார்த்தால் இளவரசனின் மூக்கு விகாரமாக நீண்டிருக்கும். சட்டத்தின் வலது ஓரத்தில் வெட்டிய சிறு பள்ளத்தில் கண்ணை வைத்தால், வட்டத்துக்குள் பதக்கத்தில் பொறித்ததுபோல் பக்கவாட்டு முகம் திரண்டு நிற்கும். 1598-இல் வொய்ட்ஹால் அரண்மனைக்கு வந்த ஜெர்மானியப் பயணி பால் ஹென்ட்ஸ்னர் இதைப் பார்த்து, சிறு துளை வழியாகப் பார்க்கும்போது சரியான உருவம் தெரிவதை எழுதிவைத்திருக்கிறார்.

அந்தப் பள்ளம் இருப்பதற்கு இரண்டு காரணங்களைச் சொல்லலாம். கண் நிற்க வேண்டிய புள்ளியை அது கட்டிப்போடுகிறது என்பது வெளிப்படை. அடுத்தது மூளை சம்பந்தப்பட்டது. சுவரொட்டியைக் கடந்து நடக்கும்போது அதிலுள்ள முகம் கோணலாக நமக்குத் தெரிவதில்லை. இரண்டு கண்களும் தரும் ஆழத் தகவல், சட்டத்தின் சாய்வு ஆகியவற்றிலிருந்து 'இது சாய்ந்திருக்கும் தட்டைப் பரப்பு' என்று மூளை கணித்து, சுருக்கத்தை ஈடுகட்டிவிடுகிறது. அனமார்ஃபோசிஸ் வேலை செய்ய வேண்டுமானால் இந்த ஈடுகட்டல் தோற்க வேண்டும். கோணம் மிகச் சரிவாகும்போது அது தடுமாறும். ஒற்றைக் கண்ணால், சட்டம் தெரியாதபடி பார்க்கும்போது பரப்பின் அடையாளமே மங்கிப்போய், உருவம் பலகையை விட்டு எழுந்து நிற்பதுபோல் தோன்றும். அரண்மனையில் ஒருவர் பின் ஒருவராக வரிசையில் நின்று அந்த ஓட்டை வழியே பார்த்தவர்களுக்கு, இளவரசனின் முகம் தங்களுக்காக மட்டும் கூடிவந்த உணர்வு இருந்திருக்கும் என்று நம்புகிறேன்.

தொலைக்காட்சியில் கிரிக்கெட் பார்ப்பவர்களுக்கு இதே கணக்கு பழக்கம்தான். விக்கெட்டுக்குப் பின்னால் நிமிர்ந்து நிற்பதுபோல் தெரியும் விளம்பரம், புல்தரையில் ஒரு குறிப்பிட்ட கேமராவுக்காக இழுத்துப் பூசிய வண்ணம். கேமரா மாறியதும் அது தரையில் சரிந்து கிடப்பது தெரிந்துவிடும்.

டான்ட்வில் ஹோல்பைனின் படத்தை பிரான்ஸில் பொலிஸி என்ற ஊரிலுள்ள தன் மாளிகைக்குக் கொண்டுபோனார். அது படிக்கட்டருகே தொங்கியிருக்கலாம், இறங்கிவருபவர் கண்ணில் மண்டையோடு தானாக உருவாகியிருக்கும் என்று சிலர் கருதுகிறார்கள். அவர் தொப்பியிலும் ஒரு சின்ன மண்டையோட்டுப் பதக்கம் வரைந்திருக்கிறது. லண்டன் போக வேண்டியதில்லை. ஓவியத்தைக் கைப்பேசியில் திறந்து, ஒரு கண்ணை மூடி, சாம்பல் கறை நீளும் திசையிலேயே வலது மேல்பக்கத்திலிருந்து திரையைக் கிட்டத்தட்டப் படுக்கைவசமாகச் சாய்த்துப் பாருங்கள். ஒரு நிலையில் தாடை சட்டென்று வளைந்து பற்கள் வரிசைக்கு வரும்.