சார்கோபீனியா: ‘தசைச்சிதைவு’ அல்ல, ‘மூப்புத் தசைநலிவு’

வயது ஏற ஏறத் தசையும் அதன் வலுவும் குறைந்துகொண்டே போவதற்கு மருத்துவர்கள் வைத்த பெயர் சார்கோபீனியா. கிரேக்கத்தில் ‘சார்க்ஸ்’ என்றால் ஊன், ‘பீனியா’ என்றால் வறுமை. அமெரிக்க மருத்துவர் இர்வின் ரோசன்பர்க் 1988ல் ஒரு கூட்டத்தில் முன்மொழிந்த சொல் இது. பெயர் சூட்டினால்தான் ஆய்வுலகம் திரும்பிப் பார்க்கும் என்று அவர் நினைத்தார்.

தமிழிலும் அதே குறைதான். நரை, திரை, மூப்பு என்றார்கள் பெரியவர்கள். நரைத்த முடிக்கும் சுருங்கிய தோலுக்கும் சொல் இருக்கிறது, கரையும் தசைக்கு இல்லை. எல்லாவற்றையும் ‘தள்ளாத வயது’ என்ற ஒன்றிலேயே போட்டு மூடிவிடுகிறோம்.

சார்கோபீனியாவைத் தமிழில் ‘தசைச்சிதைவு’ என்று எழுதுவது தவறு. மரபணுக் கோளாறால் வரும், சிறுவர்களையும் தாக்கும் வேறொரு நோய்க்கு அச்சொல் ஏற்கெனவே வழக்கில் உள்ளது. மருத்துவக் கையேட்டில் அதைப் படிக்கும் முதியவர் வீணாகப் பயந்துபோவார். ‘தசை மெலிவு’ என்பது மாவுக்கட்டுப் போட்ட காலில் எந்த வயதிலும் வருவது. ‘ஊன்வறுமை’ சொல்லுக்குச் சொல் சரி, ஆனால் இறைச்சிக்குப் பஞ்சம் என்றே காதில் விழும். ‘தசைநலிவு’ பொருந்துகிறது, ஏனென்றால் நலிவில் அளவும் வலுவும் சேர்ந்தே குறைகின்றன. தொடக்கத்தில் தசையின் அளவை மட்டும் பார்த்த மருத்துவமும் 2010க்குப் பிறகு வலுவையும் சேர்த்தே பார்க்கிறது. ‘மூப்படைதல்’ சிங்கப்பூரில் புழங்கும் சொல்தான், ஆகவே ‘மூப்புத் தசைநலிவு’ எனலாம். ‘தள்ளாமை’யை விட்டுவிட வேண்டாம். எடை குறைந்து, சோர்ந்து, நடை தளர்ந்து உடல் முழுவதும் ஓய்ந்துபோகும் நிலைக்கு அதைவிட நல்ல சொல் கிடையாது. தசைநலிவு அங்கே கொண்டுபோகும் வழிகளில் ஒன்று.

ஆசிய மருத்துவக் குழுவின் 2019 அளவுகோலின்படி கைப்பிடி வலு ஆணுக்கு 28 கிலோவுக்கும் பெண்ணுக்கு 18 கிலோவுக்கும் கீழே போனால் குறைவு. கெண்டைக்காலின் பருத்த இடத்தில் சுற்றளவு ஆணுக்கு 34, பெண்ணுக்கு 33 செண்டிமீட்டருக்குக் குறைந்தால் சந்தேகப்பட வேண்டும். கால் வீங்கியிருந்தால் இந்த அளவை நம்ப முடியாது. வீட்டில் செய்யக்கூடியது நாற்காலிச் சோதனை. நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போட்டு, கைகளை மார்பில் கட்டிக்கொண்டு ஐந்து முறை எழுந்து உட்கார வேண்டும். 12 விநாடி அல்லது அதற்கு மேல் ஆனால் மருத்துவரிடம் சொல்லுங்கள். சோபாவில் செய்தாலும், தொடையில் கையூன்றினாலும், முழுதாக நிமிராமல் உட்கார்ந்தாலும் கணக்குத் தப்பாகும். நடைவேகம் விநாடிக்கு 1 மீட்டருக்குக் குறைவதும் ஓர் அடையாளம். சாலை கடக்கும்போது மூத்தோர் அட்டையைத் தட்டினால் பச்சை விளக்கு 3 முதல் 13 விநாடி கூடுதலாக எரியும் ஏற்பாடு சிங்கப்பூரில் 2009லேயே வந்துவிட்டது. அந்த விநாடிகள் இல்லாமல் கடக்க முடியவில்லை என்றால் காலைக் கவனிக்கும் நேரம் வந்துவிட்டது.

எடை இயந்திரம் இதைக் காட்டிக்கொடுக்காது. தசை போன இடத்தில் கொழுப்பு வந்து உட்கார்ந்தால் எண் மாறாது, சட்டையும் தளராது. முதலில் தேய்பவை வேகமாகச் சுருங்கும் இழைகள். கால் இடறும்போது சட்டென்று தாங்கிப் பிடிப்பவை அவைதான், அதனால்தான் இடறல் விழுதலாக முடிகிறது. நீரிழிவு இருந்தால் இழப்பு இன்னும் விரைவு.

நடைப்பயிற்சி இதயத்துக்கு நல்லது, ஆனால் தசையை வளர்க்க அது போதாது. எடையோ ரப்பர் பட்டையோ எதிர்த்து இழுக்க வேண்டும். வாரத்துக்கு இரண்டு மூன்று நாள், கடைசி இரண்டு தடவை சிரமமாக இருக்கும் அளவுக்குச் செய்ய வேண்டும். 1990ல் வெளியான பாஸ்டன் ஆய்வில் தொண்ணூறை ஒட்டிய வயதினர் எட்டே வாரத்தில் கால் வலுவை இரு மடங்குக்கும் மேல் கூட்டினார்கள். உணவில் உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளுக்கு 1 முதல் 1.2 கிராம் புரதம் வேண்டும். 60 கிலோ உள்ளவருக்கு அது 60 முதல் 72 கிராம். காலையில் இரண்டு தோசையும் ஒரு தேநீரும் என்றால் அதில் ஒரு வேளைப் பங்குகூட வராது. ஒரு முட்டையில் ஏறக்குறைய 6 கிராம்தான், ஆகவே டோஃபு, மீன், பருப்பு, தயிரை மூன்று வேளைக்கும் பிரித்துச் சேர்க்க வேண்டும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் புரதத்தைக் கூட்டக் கூடாது.

பலதுறை மருந்தகத்தில் (பாலிகிளினிக்) மருத்துவரிடம் ‘கால் வலி’ என்று மட்டும் சொன்னால் வலி மருந்தோடு அனுப்பிவிடக்கூடும். ‘கையூன்றாமல் எழுந்திரிக்க முடியவில்லை’ என்று சொல்லுங்கள்.