டிரைவரின் சார்பு வரி: ‘முடியாது’ என்பதும் ‘தேவையில்லை’ என்பதும்

ராஸ்பெர்ரி பை போன்ற உள்ளங்கையளவு பலகைக்கும், ஐபிஎம்மின் மெயின்ஃப்ரேமுக்கும், மேசைக் கணினிக்கும் லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கெர்னலின் மூலநிரல் ஒன்றுதான். அதன் பெரும்பகுதி, சாதனங்களை இயக்கும் நிரல்களான டிரைவர்களால் ஆனது. அவற்றுள் மிகப் பல, ஏதோ ஒரு நிறுவனத்தின் ஒரு சிப் குடும்பத்துக்குள் மட்டுமே இருக்கும் சாதனங்களுக்காக எழுதப்பட்டவை. மூலநிரலை இயங்கும் கெர்னலாக மாற்றும்போது, அதாவது தொகுக்கும்போது, எதைச் சேர்ப்பது, எதை விடுவது என்று முடிவு செய்யும் தெரிவுகள் பத்தாயிரத்துக்கும் மேல் உள்ளன. இவற்றை ஒழுங்குபடுத்துவது கேகான்ஃபிக் என்னும் சிறு மொழி. ரோமன் ஜிப்பல் உருவாக்கிய இது 2002இல் கெர்னலில் சேர்ந்தது.

ஒரு பதிவை அருகில் வைத்துப் பார்க்கலாம். ராஸ்பெர்ரி பையின் பிராட்காம் சிப்பில், சிறு சாதனங்களை இணைக்கும் ஐ2சி தடத்தின் கட்டுப்படுத்திக்கு ஒரு தெரிவு இருக்கிறது. அதற்கு ஒரு பெயர், மெனுவில் தோன்றும் ஒரு தலைப்பு, மூன்று மதிப்புகளில் ஒன்றை ஏற்கும் வகை ஆகியவை தரப்பட்டிருக்கும். ‘ஒய்’ என்றால் டிரைவர் கெர்னலுக்குள்ளேயே சேரும். ‘எம்’ என்றால் தேவைப்படும்போது ஏற்றக்கூடிய தனி மாட்யூலாகும். ‘என்’ என்றால் தொகுக்கப்படாது. தொகுப்பு விதிகளைக் கொண்ட மேக்ஃபைலில் அந்த டிரைவருக்கு இருக்கும் ஒற்றை வரி இந்த மதிப்பைப் படித்து, கோப்பை உரிய பட்டியலில் சேர்த்துவிடுகிறது. இதுவரை எல்லாம் எளிது. சிக்கல் தொடங்குவது ‘டிபெண்ட்ஸ் ஆன்’ என்னும் சார்பு வரியில்தான். இந்த டிரைவருக்கு அப்படி இரண்டு வரிகள் உண்டு. ஒன்று, பொதுவான கடிகாரக் கட்டமைப்பு இருக்க வேண்டும் என்கிறது. மற்றொன்று, பிசிஎம்2835 அல்லது பிராட்காமின் செட்டாப் பெட்டிச் சிப் குடும்பம் தேர்ந்தெடுக்கப்பட்டிருக்க வேண்டும், அல்லது ‘கம்பைல் டெஸ்ட்’ என்னும் தெரிவு இயக்கத்தில் இருக்க வேண்டும் என்கிறது.

இரண்டும் ஒரே சொல்லில் தொடங்கினாலும் சொல்லும் செய்தி வேறு. முதலாவது, இது இல்லாவிட்டால் டிரைவரைத் தொகுக்கவே முடியாது என்கிறது. இரண்டாவது, தொகுக்க முடியும், ஆனால் அந்தச் சிப் இல்லாதவருக்கு அதனால் பயன் இல்லை என்கிறது. கேகான்ஃபிக் மொழிக்கு இந்த வேறுபாடு தெரியாது. எழுதுபவர்தான் அதைக் காட்டியாக வேண்டும். பிளாட்ஃபார்ம், அதாவது சிப் குடும்பம், சார்ந்த தெரிவுகளைப் பராமரிப்பதில் எழும் குழப்பங்களில் பெரும்பங்கு இவ்விரண்டையும் ஒன்றாக எண்ணிக்கொள்வதால் வருவதே என்பது என் கருத்து.

‘தேவையில்லை’ என்னும் வரியை எழுதாமல் விட்டால் என்ன ஆகும்? ஒவ்வொரு கெர்னல் வெளியீட்டிலும் புதிதாக வந்த தெரிவுகளைக் கட்டமைப்புக் கருவி ஒவ்வொன்றாகக் கேட்கும். இன்டெல், ஏஎம்டி செயலி வகையான எக்ஸ்86 கணினிகளுக்கு மட்டும் கெர்னல் தயாரிக்கும் ஒருவரிடம், கைப்பேசிச் சிப் ஒன்றின் மின்வழங்கி டிரைவர் வேண்டுமா என்று கேட்டால், அது என்னவென்று தேடிப் பார்ப்பதிலேயே அவர் நேரம் வீணாகும்.

கம்பைல் டெஸ்டைச் சேர்க்காமல் அந்த வரியை மட்டும் எழுதி நிறுத்திக்கொண்டால் கேடு வேறு விதமாக வரும். கெர்னலின் பொதுப் பகுதியில் ஒரு செயற்கூற்றின் (ஃபங்ஷன்) வடிவத்தை மாற்றுபவர், பெரும்பாலும் தம் எக்ஸ்86 கணினியில் தொகுத்துப் பார்ப்பார். கைப்பேசிகளில் பரவலான ஆர்ம் வகையைச் சேர்ந்த ஒரே ஒரு சிப்புக்குள் பூட்டப்பட்ட டிரைவர் அவருடைய கம்பைலரின் கண்ணிலேயே படாது. அது உடைந்திருப்பது, அந்தச் சிப்பை வைத்திருக்கும் யாரோ ஒருவர் பின்னொரு நாள் தொகுக்கும்போதுதான் தெரியவரும். ஆர்ம் உலகில் ஒரு காலத்தில் இது அன்றாடத் தொல்லையாக இருந்தது. ஒரு சிப் குடும்பத்துக்காகத் தொகுத்த கெர்னல் இன்னொன்றில் இயங்காது, பலகைக்குப் பலகை தனிக் கட்டமைப்புக் கோப்பு என்ற நிலை. 2011இல் லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் இதைக் கடுமையாகவே கண்டித்தார். அதன் பிறகு வன்பொருள் விவரங்கள் படிப்படியாக நிரலிலிருந்து டிவைஸ் ட்ரீ என்னும் தரவுக்கு நகர்ந்தன. 2012 டிசம்பரில் வெளிவந்த 3.7 பதிப்பிலிருந்து பல ஆர்ம் குடும்பங்களுக்கு ஒரே கெர்னலைத் தொகுப்பது சாத்தியமாயிற்று.

கம்பைல் டெஸ்ட் தெரிவு வந்தது 2013இல். தம் கணினியில் ஒருபோதும் ஏறப்போகாத டிரைவர்களையும் தொகுத்துப் பார்க்க விரும்புகிறேன் என்று அறிவிப்பதே அதன் வேலை. சாதாரணப் பயனர் அதை அணைத்தே வைத்திருப்பார், ஆகவே தொடர்பில்லாத கேள்விகள் அவரிடம் வருவதில்லை. எல்லாவற்றையும் மாட்யூலாகத் தொகுக்கும் சோதனைக் கட்டமைப்பில் அது தானாகவே இயங்குவதால், உலகெங்கும் ஓடும் தானியங்கிச் சோதனைகள் அந்த டிரைவரையும் எக்ஸ்86இல் தொகுத்து, உடைந்தால் உடனே தெரிவித்துவிடுகின்றன. ஆனால் ‘முடியாது’ என்னும் வகைச் சார்போடு இதை ‘அல்லது’ போட்டு இணைப்பது பிழை. உண்மையிலேயே தேவைப்படும் ஒன்று இல்லாமல் தொகுப்பு தொடங்கி, தொகுத்த கோப்புகளை ஒன்றிணைக்கும் கட்டத்தில் முறியும்.

மூன்று மதிப்புகளின் கணக்கில் இன்னொரு நுட்பம் உண்டு. ‘என்’ 0, ‘எம்’ 1, ‘ஒய்’ 2 என்று எண்களாகின்றன. ‘அல்லது’ என்பது பெரியதை எடுக்கும். ‘இல்லை’ என்பது 2இலிருந்து கழிக்கும். ஒரு டிரைவர் வேறொரு வசதியை இருந்தால் பயன்படுத்தும், இல்லாவிட்டாலும் இயங்கும் என்று வைத்துக்கொள்வோம். அதன் சார்பு வரி ‘அந்த வசதி, அல்லது அந்த வசதி இல்லை’ என்று எழுதப்படுகிறது. எப்போதும் உண்மையாகும் வெற்று வாக்கியம் போலத் தோன்றும் இதைக் கணக்கிட்டுப் பாருங்கள். வசதி 2 என்றால் விடை 2. 0 என்றாலும் 2. வசதி 1 ஆக, அதாவது மாட்யூலாக இருந்தால் மட்டும் 1, 2−1 இரண்டுமே 1, விடையும் 1. சார்பு வரியின் விடையே டிரைவரின் மதிப்புக்கு மேல்வரம்பு என்பதால், அந்நிலையில் டிரைவரும் மாட்யூலாகவே இருக்க முடியும். கெர்னலுக்குள் நிலையாக இருக்கும் நிரல், வெளியே இருக்கும் மாட்யூலின் செயற்கூற்றை நேரடியாக அழைக்க இயலாது என்பதால் இந்தக் கட்டுப்பாடு தேவைப்படுகிறது.

ஒரு தெரிவு இன்னொரு தெரிவைத் தானாக இயக்கச் செய்யும் ‘செலக்ட்’ என்னும் கட்டளை, சார்பு வரிக்கு நேர் எதிர். அது தான் இயக்கும் தெரிவின் சார்புகளைப் பார்ப்பதே இல்லை, வலிந்து இயக்கிவிடும். கருவி எச்சரிக்கை ஒன்றை அச்சிடுவதோடு சரி. ஆகவே மெனுவில் தோன்றாத, சார்பற்ற உதவி நிரல்களுக்கு மட்டும் அதைப் பயன்படுத்துவது நல்லது.

பல பிளாட்ஃபார்ம்களுக்கு ஒரே கெர்னல் என்றான பின், சார்பு வரி தரும் உறுதியும் குறைந்துவிட்டது. பிராட்காம் குடும்பத்தைத் தேர்ந்தெடுத்துத் தொகுத்த கெர்னல் குவால்காம் பலகையிலும் துவங்கலாம். தொகுக்கப்பட்டிருக்கிறேன், எனவே என் சிப் இங்கே இருக்கிறது என்று நம்பித் தொடக்கத்திலேயே வன்பொருளின் பதிவகங்களை (ரெஜிஸ்டர்) தொடும் பழைய பாணி டிரைவர், அங்கே கெர்னலையே சாய்த்துவிடக்கூடும். எனவே இன்றைய டிரைவர் தனக்குரிய அடையாளச் சரம் டிவைஸ் ட்ரீயில் இருக்கிறதா என்று கெர்னல் ஒப்பிட்டுப் பார்த்துத் தன்னை அழைக்கும் வரை வன்பொருளைத் தொடுவதில்லை.