"பாப்பா மருந்து குடிச்சிட்டா டாக்டர்"

போன வாரம் இரவு ஒன்பதரை மணிக்கு ஓர் அம்மா போன் செய்தார். "பாப்பா மருந்து குடிச்சிட்டா டாக்டர்" என்றார். அன்று மாலைதான் அந்த நாலு வயதுக் குழந்தைக்கு இருமல் மருந்து எழுதிக் கொடுத்திருந்தேன். சரி, குடித்துவிட்டாள் என்று நினைத்து, "வாந்தி ஏதும் எடுத்தாளா?" என்று நிதானமாகக் கேட்டேன். மறுமுனையில் அழுகை வெடித்தது. அவள் குடித்தது நான் எழுதிய மருந்து இல்லை, சுவரில் செருகும் கொசு மருந்து.

குழந்தை பிழைத்துக்கொண்டாள். நுரையீரலில் இறங்கிவிட்டதால் மூன்று நாள் ஆக்சிஜன் வைக்க வேண்டியிருந்தது. வீட்டுக்குப் போகும் நாளில் "ஏம்மா அதைக் குடிச்சே?" என்று கேட்டேன். "எனக்கு இருமல். மருந்து குடிச்சா சரியாயிடும்னு நீங்கதானே சொன்னீங்க" என்றாள். அவள் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை.

இது முதல் குழந்தை இல்லை. ஒவ்வொரு முறையும் பெற்றோர் சொல்லும் பதில்தான் எனக்குப் பொறுக்கவில்லை: "அது கொசு மருந்துன்னு அவளுக்கு நல்லாத் தெரியுமே!" என்ன தெரியும்? பெயர் தெரியும். அந்தப் பெயர் குழந்தைக்கு என்ன சொல்கிறது என்று யோசித்தீர்களா?

இருமல் மருந்து என்றால் இருமலைப் போக்கும் மருந்து. எலி மருந்து என்றால் எலியைக் கொல்லும் மருந்து. பள்ளியில் படித்த உருபும் பயனும் உடன்தொக்க தொகைதான் இது. 'போக்கும்', 'கொல்லும்' என்ற சொற்கள் மறைந்து நிற்கின்றன. நமக்கு அவை கேட்காமலே கேட்கும், குழந்தைக்குக் கேட்காது. அதற்குத் தெரிந்த இன்னொரு வகை 'பாட்டி மருந்து', 'பாப்பா மருந்து'. பாட்டி சாப்பிட்டால் பாட்டிக்கு நல்லது, பாப்பா சாப்பிட்டால் பாப்பாவுக்கு நல்லது. அப்படியானால் எலி மருந்து? எலிக்கு உடம்பு சரியில்லை போல. செடிக்கு மருந்து அடிக்கிறார்கள் என்றால் செடிக்குக் காய்ச்சல் போல. இதைவிட ஒழுங்காக ஒரு குழந்தை எப்படி யோசிக்க முடியும்? முன்னால் எலி, கொசு, பூச்சி என்று எதைச் சேர்த்தாலும் கடைசியில் வந்து காதில் நிற்பது 'மருந்து'தான். அந்தச் சொல்லுக்கு வாயைத் திறக்க வேண்டும் என்று பிறந்த நாளிலிருந்து பழக்கியது நாம்தானே.

திருக்குறளில் 95ஆம் அதிகாரத்தின் பெயரே மருந்து. இன்னோர் இடத்தில் வள்ளுவர் 'சாவா மருந்து' என்று அமுதத்தைச் சொல்கிறார். சாகாமல் காப்பதற்கு இருந்த சொல்லை நாம் நஞ்சுக்கும் வைத்துக்கொண்டோம். பட்டாசுக்குள் இருப்பதும் மருந்துதான். பெரியவர் ஒருவர் 'மருந்து குடிச்சிட்டார்' என்றால் ஊரே பதறுகிறது, பாப்பா 'மருந்து குடிச்சிட்டா' என்றால் கைதட்டுகிறது. எங்கள் அவசரப் பிரிவிலும் நஞ்சு குடித்தவரை 'மருந்து கேஸ்' என்றுதான் சொல்வோம். அதை முதலில் நாங்கள் விட வேண்டும்.

குழந்தையை மடியில் உட்கார வைத்துக்கொண்டு இப்படிச் சொல்லிப் பாருங்கள்: "ஒரே பேருல நம்ம தெருவில ரெண்டு பேர் இருக்காங்க இல்லையா? அது மாதிரி மருந்துங்கற பேருல ரெண்டு இருக்கு. ஒண்ணு நோயைப் போக்கும். டாக்டர் சொல்லி, அம்மாவோ அப்பாவோ கையால குடுப்பாங்க. இன்னொண்ணு உயிரைக் கொல்லும். அதோட உண்மையான பேரு விஷம்." அப்புறம் நீங்கள் ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள், 'போக்குமா, கொல்லுமா?' என்று குழந்தை பதில் சொல்லட்டும். ஐந்து வயதுக்கு மேல் நன்றாகப் புரியும். அதற்குக் கீழே புரிந்ததுபோலத் தலையாட்டும், நம்பாதீர்கள். பூட்டித்தான் வைக்க வேண்டும்.

வீட்டில் யாரும் இனி எலி மருந்து என்று சொல்ல வேண்டாம். எலி விஷம், பூச்சிக்கொல்லி என்று சொல்லுங்கள். தாத்தா பாட்டிக்கும் சொல்லிக் கொடுங்கள். எந்த விஷத்தையும் குடிக்கிற பாட்டிலில் ஊற்றி வைக்காதீர்கள். மாத்திரையை மிட்டாய் என்று ஏமாற்றிக் கொடுக்காதீர்கள், தயவுசெய்து. பாட்டியின் சர்க்கரை மாத்திரை ஒன்றே சின்னக் குழந்தையை மயக்கத்தில் தள்ளிவிடும்.

ஒருவேளை குடித்துவிட்டால் விரலை விட்டு வாந்தி எடுக்க வைக்காதீர்கள். உப்புத் தண்ணீர், சோப்புத் தண்ணீர் எதுவும் வேண்டாம். குடித்தது மண்ணெண்ணெய் மாதிரியான திரவமாக இருந்தால், வாந்தி வரும்போது அது நுரையீரலுக்குள் போகும் ஆபத்து அதிகம். 'நல்லாத்தானே விளையாடுறா' என்று வீட்டில் வைத்துப் பார்க்காதீர்கள். மஞ்சள் பாஸ்பரஸ் உள்ள எலி விஷம் முதல் நாள் ஒன்றுமே இல்லாததுபோல் இருந்துவிட்டு, இரண்டு மூன்று நாளில் கல்லீரலைத் தாக்கும்.

உடனே கிளம்புங்கள், டப்பாவைக் கையோடு எடுத்து வாருங்கள். வழியிலிருந்து எங்களுக்குப் போன் செய்தால், "மருந்து குடிச்சிட்டா" என்று சொல்லாதீர்கள். "விஷம்" என்று முதலில் சொல்லிவிட்டு, டப்பாவில் இருக்கிற பெயரை எழுத்துக்கூட்டிப் படியுங்கள்.