வி.பி.என். இணைப்புக்கு இரட்டைச் சரிபார்ப்பு: விலக்கு அளிக்கும் இடமே ஓட்டை

ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி வட்டாரத்தில் தோல் பதனிடும் ஆலைகளும் ஷூ ஏற்றுமதி நிறுவனங்களும் நடத்துவோர் பலர், கொரோனா ஊரடங்கின்போது அவசர அவசரமாகப் போட்டுக்கொண்ட, வெளியிலிருந்து இணையம் வழியே அலுவலக நெட்வொர்க்குக்குள் வர உதவும் வி.பி.என். இணைப்பை இன்றுவரை அப்படியே வைத்திருக்கிறார்கள். கணக்குப் பிரிவில் இருப்பவர் காட்பாடியில் தம் வீட்டிலிருந்தபடியே அலுவலகச் சர்வரில் உள்ள டேலி கணக்கு மென்பொருளைத் திறக்கிறார். ஆடிட்டர் சென்னையிலிருந்து உள்ளே வருகிறார். இயந்திரம் விற்ற நிறுவனத்தின் பொறியாளர் வெளிநாட்டிலிருந்து வருகிறார். இத்தனை பேரையும் உள்ளே விடுவதற்கு ஒரு பயனர் பெயரும் ஒரு கடவுச்சொல்லும் போதும் என்ற நிலை தொடர்வதுதான், இந்தப் பகுதியில் நெட்வொர்க் பாதுகாப்பு வேலை பார்க்கும் எனக்குப் பெரும் கவலையாக இருக்கிறது.

கடவுச்சொல்லைக் கடினமாக வைத்திருக்கிறோமே என்று சொல்வோருக்கு, அமெரிக்காவின் கலோனியல் பைப்லைன் நிறுவனத்துக்கு 2021 மே மாதம் நேர்ந்ததை எடுத்துச் சொல்வது என் வழக்கம். யாரும் பயன்படுத்தாமல், ஆனால் முடக்கப்படாமலும் கிடந்த ஒரு பழைய வி.பி.என். கணக்கின் வழியாகவே திருடர்கள் உள்ளே புகுந்தார்கள். அந்தக் கடவுச்சொல் எளிதில் ஊகிக்கக்கூடியது அல்ல என்று நிறுவனத் தலைவரே செனட் குழுவின் முன் கூறினார். ஆனால் அந்தக் கணக்குக்கு, கடவுச்சொல்லுக்குப் பிறகு இன்னோர் அடையாளத்தையும் கேட்கும் இரண்டாம் சரிபார்ப்பு இல்லை. குழாய்வழி எரிபொருள் விநியோகம் நாள்கணக்கில் நின்றது. பிணைத்தொகையாக 75 பிட்காயின், அன்றைய மதிப்பில் சுமார் 44 லட்சம் டாலர், கைமாறியது.

இரண்டாம் சரிபார்ப்பு நம் ஊழியர்களுக்குப் புதிதல்ல. சரக்கு அனுப்புவதற்கான இ-வே பில் தளத்தில் 2025 ஏப்ரல் 1 முதல் எல்லா வணிகர்களுக்கும் அது கட்டாயம். வி.பி.என்.னுக்கு எஸ்.எம்.எஸ். ஓ.டி.பி.யைவிட, கூகுள் ஆத்தென்டிகேட்டர் போன்ற செயலியையே நான் பரிந்துரைக்கிறேன். நெட்வொர்க்கின் வாசலில் காவல் இருக்கும் ஃபயர்வாலிலும் கைப்பேசியிலும் ஒரே ரகசியக் குறியீடு பதிந்திருக்க, அதையும் நேரத்தையும் சேர்த்துக் கணக்கிட்டு 30 வினாடிக்கு ஒருமுறை ஆறு இலக்க எண் உருவாகிறது. 2011இல் வெளியான ஆர்.எஃப்.சி. 6238 என்ற இணையத் தொழில்நுட்ப ஆவணமே இதன் பொதுவரையறை. கைப்பேசியில் சிக்னல் இல்லாவிட்டாலும் எண் கிடைக்கும். ஆனால் ஃபயர்வாலின் கடிகாரம் சில நிமிடங்கள் பிசகினாலே சரியான எண்ணும் செல்லாமல் போகும் என்பதால், முதலில் நேரத்தைச் சரிசெய்துவிட்டுத்தான் மற்ற வேலையைத் தொடங்க வேண்டும்.

தொழில்நுட்பம் இவ்வளவுதான். உண்மையான சிக்கல் பொதுக் கணக்குகளில் இருக்கிறது. 'அக்கவுண்ட்ஸ்' என்ற ஒரே பயனர் பெயரை நாலைந்து பேர் பகிர்ந்துகொள்ளும் வழக்கம் இங்கே மிகப் பரவலானது. அதில் இரட்டைச் சரிபார்ப்பை இயக்கியதும் எண் ஒருவருடைய கைப்பேசியில் மட்டும் வருகிறது. "சார், கோட் சொல்லுங்க" என்று மற்றவர்கள் நேரம் காலம் பாராமல் அழைக்கிறார்கள். தொல்லை தாங்காமல் அவர், பதிவு செய்தபோது எடுத்துவைத்த க்யூ.ஆர். படத்தை வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிடுகிறார். அந்தப் படத்துக்குள் இருப்பதுதான் ரகசியக் குறியீடே. அது யார் கைக்குப் போனாலும் அவரும் அதே எண்ணை உருவாக்க முடியும். ஆகவே ஆளுக்கொரு கணக்கு, ஆளுக்கொரு பதிவு என்று பிரித்த பிறகே இதைத் தொடங்குங்கள். வேலையைவிட்டுப் போனவர்களின் கணக்குகளையும் அப்போதே முடக்கிவிடலாம்.

அடுத்தது, "முதலாளிக்கு மட்டும் வேண்டாம், அவருக்குச் சிரமம்" என்ற விலக்கு. எல்லாக் கோப்புகளையும் திறக்க வல்ல கணக்கு பெரும்பாலும் அவருடையதுதான் என்பதால் இதை நான் ஒருபோதும் ஏற்பதில்லை. அவருடைய கைப்பேசி தொலைந்தால் என்ன செய்வது என்ற கேள்வி நியாயமானது; மாற்றுக் குறியீடுகளை அச்சிட்டு அலுவலக இரும்புப் பெட்டியில் வைப்பதே அதற்கு வழி. ஓபன் வி.பி.என். பயன்படுத்துவோருக்கு மணிக்கொருமுறை எண் கேட்டு இணைப்பு துண்டிக்கப்படும். அது 3,600 வினாடிக்கு ஒருமுறை நடக்கும் மறுசரிபார்ப்பின் விளைவு. எரிச்சலில் பாதுகாப்பையே அணைத்துவிடாமல், ஒருமுறை சரிபார்த்தவரிடம் மீண்டும் எண் கேட்காமல் தற்காலிக அனுமதிச் சீட்டு வழங்கும் ஆத்-ஜென்-டோக்கன் (auth-gen-token) அமைப்பைச் சர்வரில் இயக்கினால் போதும்.

எண்ணுக்குப் பதிலாகக் கைப்பேசியில் 'அனுமதி' பொத்தானை அழுத்தும் முறையை வைத்திருப்போர், கணினித் திரையில் தெரியும் எண்ணைக் கைப்பேசியில் பதியச் சொல்லும் வசதியையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். 2022 செப்டம்பரில் ஊபர் நிறுவனத்துடன் ஒப்பந்தத்தில் இருந்த ஒருவருக்கு அனுமதிக் கோரிக்கைகள் விடாமல் வந்துகொண்டே இருக்க, கடைசியில் அவர் ஒன்றை ஏற்றுவிட, ஊடுருவல் நடந்தது.

ஃபயர்வால் மென்பொருளைப் புதுப்பிப்பதையும் தள்ளிப்போடாதீர்கள். ஃபோர்ட்டிகேட் ஃபயர்வால் கருவிகளில் 2020இல் வெளிப்பட்ட ஒரு பிழையால், சில அமைப்புகளில், பயனர் பெயரின் ஆங்கில எழுத்துகளைச் சிறியதும் பெரியதுமாக மாற்றி அடித்தாலே இரண்டாம் சரிபார்ப்பு கேட்கப்படாமல் உள்ளே போக முடிந்தது. வி.பி.என்.னை இப்படிப் பூட்டிவிட்டு, தொலைவிலிருந்து அலுவலகக் கணினியை இயக்க உதவும் ரிமோட் டெஸ்க்டாப் போர்ட்டை இணையத்துக்கு நேரே திறந்து வைத்திருந்தாலும் பயனில்லை.

யார் எப்போது உள்ளே வர முயன்றார்கள் என்பது போன்றவற்றைக் கருவிகள் தாமே குறித்துவைக்கும் பதிவேடுகளை (லாக்) 180 நாள் பாதுகாக்க வேண்டும் என்று, இந்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரலில் உத்தரவிட்டது. பாதுகாத்தால் மட்டும் போதாது, வாரம் ஒருமுறையாவது படிக்க வேண்டும். அதில் நான் முதலில் தேடுவது, கடவுச்சொல் சரியாக இருந்து இரண்டாம் எண் மட்டும் தவறிய வரிகளைத்தான். ஊழியரைக் கேட்டு, அந்த நேரத்தில் தாம் முயலவில்லை என்று அவர் சொன்னால், அவருடைய கடவுச்சொல் ஏற்கெனவே வேறொருவர் கையில் இருக்கிறது என்று பொருள். அன்றைக்கே அதை மாற்றுவதோடு, அதே கடவுச்சொல்லை மின்னஞ்சலுக்கும் வைத்திருக்கிறாரா என்று கேட்டு அதையும் மாற்றச் செய்யுங்கள்.