தாளில் 20,000, டிஸ்க்கில் 840: ஸ்டோரேஜ் அரேயின் உண்மை வேகம்

சுழலும் டிஸ்க் ஒன்று நொடிக்கு எத்தனை வாசிப்பு, எழுத்துக் கோரிக்கைகளை முடிக்கும் என்பதை வாங்குவதற்கு முன்பே கணக்குப் போட்டுவிடலாம். நிமிடத்துக்கு 10,000 சுற்று என்றால் ஒரு சுற்றுக்கு 6 மில்லி நொடி. வேண்டிய இடம் படிக்கும் தலைக்கு அடியில் வந்து சேர, சராசரியாக அரைச் சுற்று: 3 மில்லி நொடி. தலை சரியான தடத்துக்கு நகர இன்னும் 4 என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 7 மில்லி நொடி. நொடிக்குச் சுமார் 140 கோரிக்கைகள். 7,200 சுற்று டிஸ்க்கில் தலை நகரவும் கூடுதல் நேரம் ஆவதால் இது 80-க்குப் பக்கம் நிற்கும். காத்திருக்கும் கோரிக்கைகளை வரிசை மாற்றி எடுத்தால் எண்ணிக்கை சற்றுக் கூடும், ஆனால் சில கோரிக்கைகள் கூடுதலாகக் காத்திருக்க வேண்டிவரும்.

அப்படியானால் 10,000 சுற்று டிஸ்க் 24 கொண்ட அரே (பல டிஸ்க்குகளை ஒன்றாக இயக்கும் பெட்டி), சிதறலான வாசிப்பில் நொடிக்கு 3,360 தரும். அதே பெட்டிக்கு 'நொடிக்கு 20,000 எழுத்துகள்' (தரவை எழுதும் கோரிக்கைகள்) என்று விற்பனைத் தாளில் போட்டிருந்தால் அது பொய்யாக இருக்க வேண்டியதில்லை. அது கேஷின், அதாவது டிஸ்க்குக்கு முன்னால் தரவைத் தற்காலிகமாக வைக்கும் நினைவகத்தின், வேகம்.

சர்வர் அனுப்பும் தரவு முதலில் கன்ட்ரோலரின் (டிஸ்க்குகளை நிர்வகிக்கும் பகுதி) நினைவகத்தில் விழுகிறது. அங்கிருந்து இரண்டாவது கன்ட்ரோலருக்கும் ஒரு நகல் போகிறது. மின்சாரம் போனாலும் பேட்டரி காப்பாற்றும் என்பதால், உடனே 'எழுதியாயிற்று' என்று பதில் வந்துவிடும். ஒரு மில்லி நொடிகூட ஆகாது. டிஸ்க்குக்குப் போவது பிறகுதான். அந்தப் 'பிறகு'வில்தான் சிக்கல்.

ரெய்ட் என்பது ஒரு டிஸ்க் செத்தாலும் தரவு தப்பும்படி பல டிஸ்க்குகளில் பரப்பி வைக்கும் முறை. ரெய்ட் 5-இல் ஒரு சிறு துண்டை மாற்றி எழுத வேண்டுமானால் பழைய தரவைப் படிக்க வேண்டும், பழைய பாரிட்டியை (இழந்த தரவை மீட்க உதவும் கணக்கீட்டுத் துண்டு) படிக்க வேண்டும், பிறகு இரண்டையும் புதிதாக எழுத வேண்டும். சர்வர் கேட்டது ஒன்று, டிஸ்க்குகள் செய்வது நான்கு. ரெய்ட் 6-இல் பாரிட்டி இரண்டு என்பதால் ஆறு. தரவை இரண்டு டிஸ்க்கில் அப்படியே நகலெடுக்கும் ரெய்ட் 10-இல் இரண்டே. ஆக நம் 24 டிஸ்க் ரெய்ட் 5-இன் உண்மையான எழுத்து வேகம் 3,360-ஐ நான்கால் வகுத்தது: 840.

இப்போது 8 கேபி துண்டுகளாக நொடிக்கு 20,000 எழுத்துகள் வருகின்றன என்று வையுங்கள். உள்ளே வருவது 160 எம்பி. டிஸ்க்குக்கு வடிவது 7 எம்பிகூட இல்லை. எழுத்துக் கேஷ் 8 ஜிபி என்றால் ஒரு நிமிடத்துக்குள் நிரம்பிவிடும். அதன்பின் பழையதை வெளியேற்றினால்தான் புதியதற்கு இடம். அரை மில்லி நொடியில் முடிந்த எழுத்து திடீரென்று பல்லாயிரம் எழுத்துகளுக்குப் பின்னால் நிற்கிறது. முப்பது நொடி ஓட்டிப் பார்த்துவிட்டு 'அருமை' என்று கையெழுத்துப் போட்டால் பார்த்தது கேஷைத்தான், டிஸ்க்கை அல்ல.

எப்போதும் 840-க்கு விழுந்துவிடும் என்றும் சொல்ல முடியாது. ஒரே இடத்தைத் திரும்பத் திரும்ப எழுதினால் கடைசிப் பதிப்பு மட்டுமே டிஸ்க்குக்குப் போகும். அடுத்தடுத்த துண்டுகள் சேர்ந்து ஒரு முழு ஸ்ட்ரைப் (எல்லா டிஸ்க்குகளிலும் பரவிய ஒரு வரிசை) ஆகிவிட்டால், புதிய தரவிலிருந்தே பாரிட்டியைக் கணக்கிடலாம் என்பதால் பழையதைப் படிக்கவே தேவையில்லை. அதனால் மாற்றங்களை வரிசையாகக் குறித்துவைக்கும் டேட்டாபேஸின் லாக் எழுத்து ரெய்ட் 5-இல் நன்றாகவே ஓடும். இண்டெக்ஸ் (தேடலுக்கான அட்டவணை) முழுக்கச் சிதறலாக மாறும் வேலைதான் திணறும். வழக்கமான 70:30 வாசிப்பு–எழுத்துக் கலவையில், கேஷ் உதவியே இல்லை என்று வைத்தால், நம் பெட்டி ரெய்ட் 10-இல் சுமார் 2,580, ரெய்ட் 5-இல் 1,770, ரெய்ட் 6-இல் 1,340 தரும்.

இவையும் உச்ச எண்கள். உச்சத்தில் ஓட்டக் கூடாது. கோரிக்கைகள் ஒழுங்கின்றி வரும்போது, 7 மில்லி நொடி வேலை பாதிச் சுமையில் 14 ஆகும், 80 சதவீதத்தில் 35, 90 சதவீதத்தில் 70 என்பது வரிசைக் கணிதம் தரும் தோராயம். 60–70 சதவீதத்தைத் தாண்டித் திட்டமிடுவது வம்பை விலைக்கு வாங்குவது. இரண்டு கன்ட்ரோலரும் வேலை செய்யும் அரேயில் ஒவ்வொன்றும் பாதிக்கு மேல் போகவே கூடாது. ஒன்று விழுந்தால் மற்றது மொத்தத்தையும் சுமக்க வேண்டும்.

பழுதான நாளில் கணக்கு இன்னும் மோசம். பேட்டரி பலவீனமானாலோ ஒரு கன்ட்ரோலர் போனாலோ பல அரேகள் எழுத்துக் கேஷை நிறுத்திவிடும். ஒவ்வொரு எழுத்தும் டிஸ்க் வரை போய்த்தான் திரும்பும். எட்டு டிஸ்க் ரெய்ட் 5-இல் ஒன்று செத்தால், அதிலிருந்த ஒரு துண்டைப் படிக்க மீதி ஏழையும் தொட வேண்டும். செத்த 8 டிபி டிஸ்க்கின் தரவைப் புது டிஸ்க்கில் நொடிக்கு 200 எம்பி வேகத்தில் மறுகட்டமைத்தால் 11 மணி நேரம். அதுவும் வேறு வேலையே இல்லாவிட்டால்.

சோதிக்கும்போது முதலில் லன் (அரே சர்வருக்குக் கொடுக்கும் டிஸ்க் பகுதி) முழுவதையும் சீரற்ற தரவால் நிரப்புங்கள். எழுதும்போது மட்டுமே இடம் ஒதுக்கும் தின் புரொவிஷனிங்கில் எழுதப்படாத இடத்தைப் படித்தால் பல அரேகள் டிஸ்க்கைத் தொடாமலே பூஜ்ஜியத்தைத் திருப்பிக் கொடுத்துவிடும். வெறும் பூஜ்ஜியங்களை எழுதினால் சுருக்கும் வசதி அதை விழுங்கிவிடும். சோதனைப் பரப்பு கேஷைப் போலப் பல மடங்கு இருக்கட்டும். எஃப்ஐஓ என்ற வேகச் சோதனைக் கருவியில் சராசரியை விட்டு 99-ஆவது சதமானத் தாமதத்தை (நூற்றில் 99 கோரிக்கைகள் முடிந்துவிடும் நேரம்) பாருங்கள். லினக்ஸின் ஐஓஸ்டாட் காட்டும் 'யுடில்' (டிஸ்க் வேலையில் இருந்த நேரத்தின் சதவீதம்) 100 என்றால் பதற வேண்டாம்: பின்னால் பல டிஸ்க்குகள் இணையாக வேலை செய்யும்போது அந்த எண்ணுக்கு அர்த்தம் குறைவு. பக்கத்திலுள்ள 'அவெயிட்' (ஒரு கோரிக்கை முடிய ஆகும் சராசரி நேரம்) உயர்கிறதா என்பதே முக்கியம். வேகம் தட்டையான பிறகும் சோதனையை நிறுத்தாமல், ஒரு டிஸ்க்கை உருவிவிட்டு மறுகட்டமைப்பின்போதும் அளந்து, அந்த எண்ணை வைத்துச் சுமையைத் திட்டமிடுங்கள்.