கவுன்டி: மாவட்டம் என்று சொன்னால் சரியாகுமா?

தமிழ் வாசகர்களில் பலருக்கு ‘கவுன்டி’ கிரிக்கெட் வழியாக வந்த சொல். யார்க்‌ஷயர், லங்காஷயர், சர்ரே எல்லாம் கவுன்டி அணிகள். அமெரிக்கச் செய்திகளில் இதே சொல் வந்தால் ‘மாவட்டம்’ என்று மாற்றிவிடுகிறோம். ஊர் எங்கே இருக்கிறது என்று மட்டும் சொல்ல அது போதும். ஆட்சி எப்படி நடக்கிறது என்று பேச ஆரம்பித்தால் போதாது.

முதலில் சொல்லின் பிறப்பு. லத்தீனில் ‘கோமெஸ்’ என்றால் உடன் செல்பவன். ரோமப் பேரரசருக்கு உடனிருந்தவர்களைக் குறித்த இந்தச் சொல், காலப்போக்கில் ஒரு பதவியின் பெயரானது. பிரெஞ்சில் அது ‘கோந்த்’ என்ற பிரபுப் பட்டம் ஆனது. அந்தப் பிரபுவின் ஆட்சிப்பகுதி ‘கோந்தே’. 1066இல் இங்கிலாந்தைப் பிடித்த நார்மானியர்கள் தங்கள் பிரெஞ்சையும் கொண்டு வந்தார்கள். அங்கே ஏற்கெனவே ‘ஷயர்’ என்ற பிரிவு இருந்தது. பொறுப்பு, அதற்கு உட்பட்ட பகுதி என்று பொருள்படும் பழைய ஆங்கிலச் சொல் அது. நார்மானியர் அதையே கவுன்டி என்று அழைத்தார்கள்.

பெயர் ஒட்டிக்கொண்டது, பட்டம் ஒட்டவில்லை. இங்கிலாந்தில் அந்த நிலைப் பிரபு இன்றும் ‘ஏர்ல்’தான், ஆனால் அவர் மனைவி ‘கவுன்டெஸ்’. கவுன்டியில் அரசனின் ஆளாக நின்று வரியையும் நீதியையும் பார்த்தவர் ஷெரீஃப். ஷயரின் ‘ரீவ்’, அதாவது அதிகாரி என்ற இரு சொற்கள் ஒட்டிப் பிறந்த பெயர் இது. ஷெரீப் என்ற அரபுப் பெயருக்கும் இதற்கும் தொடர்பு கிடையாது. ‘எண்ணு’ என்று பொருள்படும் ஆங்கில ‘கவுன்ட்’, தேசத்தைக் குறிக்கும் ‘கன்ட்ரி’ இரண்டும் வேறு வேர்களிலிருந்து வந்தவை. நம் ஊர் கவுண்டருக்கும் இதில் பங்கில்லை.

அமெரிக்காவுக்கு இந்த அமைப்பு குடியேறியவர்களோடு போனது. 1634இல் வர்ஜீனியா காலனியை எட்டு ஷயர்களாகப் பிரித்தார்கள். சீக்கிரமே கவுன்டி என்ற பெயர் நிலைத்தது. இன்று அமெரிக்காவில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட கவுன்டிகள் உண்டு. லூசியானாவில் இதே பிரிவுக்கு ‘பாரிஷ்’ என்று பெயர், அலாஸ்காவில் ‘பரோ’. டெக்சாஸில் மட்டும் 254 கவுன்டிகள். அவற்றில் ஒன்றைக் கிட்டப்போய்ப் பார்த்தால்தான் மாவட்டம் என்ற சொல் எங்கே இடிக்கிறது என்று புரியும்.

டெக்சாஸின் மேற்கே, நியூ மெக்சிகோ எல்லையை ஒட்டி, பெக்கோஸ் ஆற்றின் கரையில் இருக்கிறது லவிங் கவுன்டி. அன்புக்கும் இந்தப் பெயருக்கும் சம்பந்தமில்லை. மாட்டு மந்தைகளை ஓட்டிச் சென்று விற்ற ஆலிவர் லவிங் என்பவரின் பெயர் அது. பெக்கோஸ் ஆற்றருகே கமான்ச்சி என்னும் அமெரிக்கப் பழங்குடி வீரர்களின் தாக்குதலில் காயம்பட்டு 1867இல் அவர் இறந்தார். கவுன்டியின் பரப்பு சுமார் 1,750 சதுர கிலோமீட்டர், சென்னை மாவட்டத்தைப்போல நான்கு மடங்கு. 2020 கணக்கெடுப்பில் மக்கள்தொகை 64. ஆம், அறுபத்து நான்கு பேர்தான். தலைமையிடம் மென்டோன் என்ற சிற்றூர்.

இதன் நிர்வாக வரலாறும் விசித்திரமானது. 1887இல் டாம் கிரீன் கவுன்டியிலிருந்து வரைபடத்தில் பிரித்தார்கள். 1893இல் நிர்வாகம் அமைந்தது. 1897இல் சட்டமன்றம் அதைக் கலைத்துப் பக்கத்து ரீவ்ஸ் கவுன்டியோடு சேர்த்தது. 1920களில் எண்ணெய் கிடைத்தது, ஆட்கள் வந்தார்கள், 1931இல் மறுபடி தனி நிர்வாகம் அமைந்தது. டெக்சாஸில் இப்படி இரண்டு முறை அமைக்கப்பட்ட கவுன்டி இது ஒன்றுதான்.

அறுபத்து நான்கு பேர்தானே என்று யாரும் ஒரு தாசில்தாரை அனுப்பிவிட்டுச் சும்மா இருந்துவிட முடியாது. பல லட்சம் பேர் வாழும் ஹாரிஸ் கவுன்டிக்கு உள்ள அடிப்படை அமைப்புதான் இதற்கும். ஒரு கவுன்டி ஜட்ஜ், நான்கு கமிஷனர்கள், ஷெரீஃப், கிளார்க், பொருளாளர் என்று எல்லோரையும் மக்களே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்க வேண்டும். சராசரியாகப் பதினாறு பேருக்கு ஒரு கமிஷனர். ஜட்ஜும் கமிஷனர்களும் கூடும் அவைக்கு ‘கமிஷனர்ஸ் கோர்ட்’ என்று பெயர். இதை நீதிமன்றம் என்று மொழிபெயர்த்தால் தவறாகிவிடும். வரவு செலவுத் திட்டம், சாலை, சொத்து வரி விகிதம் எல்லாம் முடிவாகும் இடம் அது. அந்த ஜட்ஜ் வழக்கறிஞராக இருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. 1945இல் இங்கே பதவிக்கு வந்த எட்னா ரீட் என்ற பெண்மணிதான் டெக்சாஸில் தேர்தலில் வென்ற முதல் பெண் ஷெரீஃப்.

இனி நம் சொல்லுக்கு வருவோம். மாவட்டம் என்றதும் நமக்கு நினைவில் எழுவது கலெக்டர். 1772இல் கிழக்கிந்தியக் கம்பெனி வரி வசூலுக்காக வங்காளத்தில் உருவாக்கிய பதவி அது. இன்றும் நியமனப் பதவிதான். மாவட்டத்துக்கு முன் புழங்கிய ‘ஜில்லா’வும் அதே நிர்வாகத்தின் சொல், அரபியிலிருந்து வந்தது. மேலிருந்து ஆள் வந்து பார்க்கும் நிலப்பகுதி மாவட்டம். தன் ஆட்களைத் தானே தேர்ந்தெடுக்கும் நிலப்பகுதி கவுன்டி. இந்த வேறுபாட்டை விட்டுக்கொடுக்க எனக்கு மனமில்லை.

பழைய தமிழில் இதற்கு நெருக்கமானது ‘நாடு’. சோழர் காலத்தில் பல ஊர்கள் சேர்ந்தது நாடு. அதன் நிலவுடைமையாளர்கள் ‘நாட்டார்’ என்ற பெயரில் கூடி வரி விவகாரங்களையும் கொடைகளையும் கவனித்ததைக் கல்வெட்டுகள் சொல்கின்றன. அது ஓட்டுப் போட்டு அமைந்த அவை என்று சொல்லிவிட முடியாது. ஆனாலும் உள்ளூர்க்காரர்களே கூடி நடத்தியது என்ற அளவில் கவுன்டியின் சாயல் உண்டு. ஒரத்தநாடு, பாப்பாநாடு என்ற ஊர்ப்பெயர்களில் அந்தப் பொருள் இன்னும் ஒட்டியிருக்கிறது. சிக்கல் என்னவென்றால், இன்று நாடு என்றால் தேசம். ‘லவிங் நாடு’ என்று எழுதினால் யாருக்கும் புரியாது. ‘கோட்டம்’ நல்ல சொல், ஆனால் வருவாய்க் கோட்டம், மின்வாரியக் கோட்டம் என்று ஏற்கெனவே வேலையில் இருக்கிறது. ‘கூற்றம்’ என்ற பழைய நிலப்பிரிவுப் பெயரும் உண்டு, மிழலைக் கூற்றம் என்று. எமனுக்கும் அதுவே பெயர் என்பதால் செய்தித்தாளில் போட யாரும் துணிய மாட்டார்கள்.

ஆகவே முதல் இடத்தில் ‘கவுன்டி என்னும் உள்ளாட்சிப் பகுதி’ என்று எழுதி, அப்புறம் கவுன்டி என்றே தொடர்வதுதான் சரி என்பது என் கருத்து. கென்யாவைப் பற்றி எழுதும்போது இதைத் தவிர்க்கவே முடியாது. அங்கே முன்பு மாவட்டங்கள் இருந்தன. 2010 அரசியலமைப்பு, தேர்ந்தெடுக்கப்பட்ட ஆளுநரும் அவையும் கொண்ட 47 கவுன்டிகளைக் கொண்டுவந்தது. அதையும் மாவட்டம் என்று எழுதினால், மாவட்டத்தை எடுத்துவிட்டு மாவட்டத்தை வைத்தார்கள் என்றுதான் வாசகர் படிக்க வேண்டியிருக்கும்.