எல்லை தாண்டிவரும் போராளிகள்: ஒரு பாதை இயங்கும் விதம்

2007 அக்டோபரில், சிரிய எல்லையை ஒட்டிய ஈராக்கின் சின்ஜார் பகுதியில் அமெரிக்கப் படையினர் சில ஆவணங்களைக் கைப்பற்றினர். அதற்கு முந்தைய ஓராண்டில் சிரியா வழியாக ஈராக்குக்குள் நுழைந்த ஏறத்தாழ 700 அயல்நாட்டவரைப் பற்றி அல்-கொய்தாவின் ஈராக்கியக் கிளை எழுதி வைத்திருந்த விவரங்கள் அவை. பெயர், ஊர், பிறந்த தேதி, படிப்பு அல்லது தொழில், கொண்டுவந்த பணம், ஊரிலிருந்து அனுப்பிவைத்தவர் யார், சிரியாவில் அழைத்துவந்தவர் யார் என விடுதியில் புதிதாகச் சேரும் மாணவனிடம் கேட்பதைப் போலவே கேட்டிருந்தார்கள். இங்கே என்ன வேலை செய்யப்போகிறாய் என்ற கேள்விக்குப் பதில் பதிவானவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் தற்கொலைத் தாக்குதலுக்கென்று குறிக்கப்பட்டிருந்தனர். தொழிலைக் குறிப்பிட்டவர்களில் மாணவர்களே மிகுதி என்பதை அறியும்போது நெஞ்சு கனக்கிறது.

சொந்த ஊரைக் குறிப்பிட்டவர்களில் லிபியாவின் டெர்னா நகரத்தினர் 52 பேர். சவுதி அரேபியாவின் தலைநகரான ரியாத்தினர் 51 பேர். டெர்னாவின் மக்கள்தொகை அப்போது சுமார் 80,000. ரியாத்திலோ 40 லட்சத்துக்கும் மேல். மதப்பற்றோ வறுமையோ கோபமோ மட்டும் காரணமாக இருந்தால், ஒரு சிற்றூரும் ஒரு பெருநகரும் ஒரே அளவு ஆட்களை அனுப்பியிருக்க முடியாது. முன்பே போய்வந்த ஒருவர், அவரை நம்பும் நண்பர்கள், யாரிடம் போய்ச் சேர வேண்டும் என்று சொல்லும் ஒரு தொடர்பாளர் ஆகிய மூன்றும் ஓர் ஊரில் அமைந்துவிட்டால், அங்கிருந்து அண்ணன் தம்பியும் பள்ளித் தோழர்களும் ஒருவர் பின் ஒருவராகக் கிளம்புகிறார்கள் என்பதே என் புரிதல்.

ஆட்களை எல்லை தாண்டிக் கொண்டுபோய் விடுவது பெரும்பாலும் கொள்கைக்காரர்களின் வேலையாக இருப்பதில்லை. ஆடு, சிகரெட், எரிபொருள் ஆகியவற்றைத் தலைமுறைகளாகக் கடத்திவந்தவர்களுக்குப் பாலைவனத் தடமும் காவல் மாறும் நேரமும் தெரியும். பணம் கிடைத்தால் ஆட்களையும் அதே தடத்தில் கொண்டுபோய் விடுவார்கள்.

உள்ளூர்க் கிளர்ச்சியாளனுக்குக் குடும்பமும் குலமும் அருகிலேயே இருக்கின்றன. சண்டை ஓய்ந்த பிறகும் அவன் அந்த மக்களோடுதான் வாழ வேண்டும். அயல்நாட்டிலிருந்து வந்தவனுக்கோ வட்டார வழக்கு தெரியாது, உறவினர் இல்லை, கையில் பாஸ்போர்ட்டும் இருக்காது. எளிதில் செலவழிக்கத்தக்க ஆளாக இயக்கம் அவனைக் கருதுவதற்கும், அவனது தாக்குதல்கள் பொதுமக்களை இவ்வளவு கொடூரமாகத் தாக்குவதற்கும் இதுவே பெரிய காரணம். ஆனால் அந்தக் கொடூரமே அவனுக்கு அடைக்கலம் தந்தவர்களையும் விலகச் செய்கிறது. 2006-இல் ஈராக்கின் அன்பார் மாகாணத்துச் சுன்னி இனக்குழுத் தலைவர்கள் அல்-கொய்தாவுக்கு எதிராகத் திரும்பியதும், வருபவர்களை ஏற்று மறைத்துவைக்கும் வீடுகள் குறைந்தன.

ஆனாலும் அந்தப் பாதை அழிந்துவிடவில்லை. 2003-இல் அமெரிக்கப் படையெடுப்பின்போது ஈராக்கில் போரிடச் சென்ற சிரியர்களில் அகமது அல்-ஷாராவும் ஒருவர். 2011-இல் அவர் அபு முகமது அல்-ஜொலானி என்ற பெயரோடு, சில ஆட்களுடன் அதே எல்லையை எதிர்த்திசையில் தாண்டி வந்து சிரியாவில் அல்-கொய்தாவின் கிளையான அல்-நுஸ்ரா முன்னணியைக் கட்டினார். அடுத்த சில ஆண்டுகளில் துருக்கி வழியாக அயல்நாட்டவர் சிரியாவுக்குள் திரண்டபோது, ஐ.எஸ். (இஸ்லாமிய அரசு) அமைப்பு அவர்களிடம் 23 கேள்விகள் கொண்ட படிவத்தை நீட்டியது. ரத்த வகை, நுழைந்த இடம் ஆகியவற்றோடு, உன்னைப் பரிந்துரைத்தவர் யார் என்ற கேள்வியும் அதில் இருந்தது.